கித்தானில் விவிலியம்: இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரு மரபின் வரலாறு

விவிலியக் கதைகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டும் வழக்கம் தெற்காசியாவுக்குக் கடல்வழியாக வந்தது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே அது தேவாலயப் பீடங்களின் கலையாக இருந்தது. இங்கே அது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளிலும் மறைப்பணியாளர்களின் கோயில்களிலும் முதலில் தங்கியது. பிறகு அச்சுப் படங்களாக வீடுகளுக்குள் புகுந்தது. 20ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஓவியர்களின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதன் தன்மை மாறியது. திருச்சபை கேட்டதற்காக வரைந்த காலம் போய், ஓவியர் தாமே தேர்ந்துகொண்டு வரையும் காலம் வந்தது. அப்படித் தேர்ந்தவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் பலர்.

நான்கு நற்செய்தி நூல்களிலும் இயேசுவின் நிறம், உயரம், முகச்சாயல் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. எனவே அவரை வரைய முனையும் ஒவ்வொருவரும் ஒரு முகத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். அந்த முகம் யாருடையது என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே இந்த மரபின் வரலாறு.

அரண்மனைக்கு வந்த படங்கள்

1580இல் ரொடால்ஃபோ அக்வாவிவா, அந்தோணி மொன்செராத்தே உள்ளிட்ட இயேசு சபைத் துறவிகள் அக்பரின் அழைப்பை ஏற்று கோவாவிலிருந்து ஃபதேபூர் சிக்ரிக்கு வந்தனர். ஆன்ட்வெர்ப் நகரில் பிளான்டின் அச்சகம் வெளியிட்ட பன்மொழி விவிலியத்தை அவர்கள் அரசருக்குக் காணிக்கையாக்கினர். அதில் செதுக்கோவிய அச்சுப் படங்கள் இருந்தன. மரியாளின் படங்களையும் உடன் கொண்டுவந்திருந்தனர். மரியாளும் ஈசாவும் திருக்குர்ஆனில் போற்றப்படுபவர்கள் என்பதால் முகலாய அரசவைக்கு அவர்கள் முற்றிலும் அந்நியர்கள் அல்லர். கேசு தாஸ், பசாவன், மனோகர் போன்ற அரசவை ஓவியர்கள் அந்தப் படங்களைப் பார்த்து வரைந்தனர். உடையின் மடிப்புகளில் நிழல் காட்டுவது, தொலைவிலுள்ள ஊரைச் சிறிதாக்கி வரைவது போன்ற ஐரோப்பிய உத்திகள் சில முகலாய ஓவியத்துக்குள் வந்தது இந்தத் தொடர்பினால்தான்.

1602இல் ஜெரோம் சேவியர் என்ற துறவி அக்பருக்காகப் பாரசீக மொழியில் இயேசுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ‘மிராத் அல்-குத்ஸ்’ என்னும் அந்நூலின் ஓவியங்கள் கொண்ட படி ஒன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. இவை யாவும் தாளில் நீர்வண்ணத்தால் தீட்டப்பட்ட சிற்றோவியங்கள். கேரளத்தின் பழைய சிரியன் கிறிஸ்தவத் தேவாலயங்களிலும் விவிலியக் காட்சிகள் சுவரோவியங்களாக இடம்பெற்றன. அவையும் எண்ணெய் வண்ணம் அல்ல, இயற்கைச் சாயங்களால் ஆனவை.

கம்பெனிக் கோட்டைகளில் எண்ணெய் ஓவியம்

எண்ணெய் வண்ணத்தைத் தொழிலாகக் கொண்ட ஆங்கில ஓவியர்களில் முதலில் இந்தியா வந்தவர்களில் ஒருவர் டில்லி கெட்டில். 1769இல் சென்னையில் இறங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பெரும்பாலும் நவாபுகளையும் கம்பெனி அதிகாரிகளையும் உருவப்படங்களாக வரைந்து பொருளீட்டினர். சமயப் படங்களுக்குத் தேவை குறைவு. கோட்டைக்குள் இருந்த தேவாலயங்கள் மட்டுமே அவற்றுக்கு இடமளித்தன.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1680இல் அர்ச்சிக்கப்பட்ட புனித மரியாள் தேவாலயத்தின் பீடத்துக்கு மேல் இறுதி இராவுணவைக் காட்டும் ஓவியம் ஒன்று இருக்கிறது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து எடுத்து வரப்பட்டது அது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

கொல்கத்தாவின் புனித யோவான் தேவாலயத்தில் உள்ள ‘இறுதி இராவுணவு’ இதைவிடச் சுவையான கதை கொண்டது. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஜோஹான் ஸோஃபனி 1783இல் இந்தியா வந்து 1789 வரை தங்கினார். 1787இல் திறக்கப்பட்ட அந்தத் தேவாலயத்தின் பீடத்துக்காக அவர் இந்தப் பெரிய ஓவியத்தை வரைந்து கொடுத்தார். அமைப்பு லியோனார்டோ டா வின்சியை நினைவூட்டுகிறது. மேசையைச் சுற்றியுள்ள முகங்களோ அன்றைய கொல்கத்தாவாசிகளுடையவை. இயேசுவுக்கு முகம் கொடுத்தவர் பார்த்தேனியோ என்ற கிரேக்கப் பாதிரியார். இயேசுவின் அருகில் சாய்ந்திருக்கும் யோவானுக்கு நகரின் போலீஸ் நீதிபதி பிளாக்கியர். காட்டிக்கொடுத்த யூதாசுக்கு ஏலக்காரர் வில்லியம் டுல்லோ. தன் முகத்தை யூதாசின் உடலில் கண்ட டுல்லோ கடுங்கோபம் கொண்டார் என்பது கொல்கத்தாவில் நீண்ட நாள் உலவிய பேச்சு.

முகங்களோடு நிற்காமல் பொருள்களும் ஊர்ப்பொருள்களாகின. சுவரோரம் தொங்குவது சேவகர் இடுப்பில் கட்டும் தல்வார் வாள். தரையில் இருக்கும் கலத்தின் வடிவம் வெற்றிலை போடுவோர் வீட்டு எச்சில் படிக்கத்தை ஒத்தது. அதன் அருகில் பிஸ்தி எனப்படும் தண்ணீர் சுமப்போரின் தோல்பை கிடக்கிறது. எருசலேமின் மாடியறைக்குள் கொல்கத்தாத் தெரு நுழைந்துவிட்டது. ஸோஃபனி இதைச் சமயச் சிந்தனையோடு செய்தாரா, தெரிந்தவர்களைச் சீண்டிப் பார்ப்பதற்காகச் செய்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் விவிலிய மாந்தருக்கு உள்ளூர் முகம் கொடுக்கும் பழக்கத்துக்கு இந்தியாவில் கிடைக்கும் பெரிய தொடக்க காலச் சான்று இதுவே.

இத்தகைய ஓவியங்களுக்கு இந்நாட்டுத் தட்பவெப்பம் பெரும் பகை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் தண்ணீரைப் போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மெல்ல இறுகுகிறது. அதனால்தான் ஒரு நிறத்தை மற்றொன்றோடு இழைத்துச் சதையின் வெதுவெதுப்பையும் விளக்கொளியின் படிப்படியான மங்கலையும் காட்ட முடிகிறது. ஈரக்காற்று மிகுந்த ஊரிலோ கித்தான் தொய்கிறது, பின்புறம் பூஞ்சை பிடிக்கிறது, வண்ணம் செதிலாக உதிர்கிறது. தேவாலயத்தில் இவற்றோடு மெழுகுவத்திப் புகையும் சேர்ந்து மேல்பூச்சு வார்னிஷைக் கருக்கவைக்கிறது. ஸோஃபனியின் ஓவியமும் இப்படிச் சிதைந்தது. 2010இல் மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் கொல்கத்தா கோத்தே நிறுவனமும் சேர்ந்து எடுத்த முயற்சியில் அது செப்பனிடப்பட்டது.

அச்சுப் படங்களின் ஆட்சி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை வேறு திசையில் திரும்பியது. திருவிதாங்கூரின் ரவிவர்மா (1848–1906) எண்ணெய் வண்ணத்தில் இந்தியப் புராணக் கதைகளைச் சொல்ல முடியும் என்று காட்டினார். 1894இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகம் அந்தப் படங்களை எளிய வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது. கிறிஸ்தவ வீடுகளிலும் இதே காலத்தில் இதே மாற்றம் நடந்தது. ஆனால் அங்கே சுவரேறிய முகங்கள் ஐரோப்பாவிலிருந்து அச்சாகி வந்தவை.

கத்தோலிக்க வீடுகளில் திரு இருதய ஆண்டவர் படம் நடுவீட்டில் இடம்பிடித்தது. சிறு விளக்கு எரியும் அந்தப் படத்துக்கு முன்தான் மாலை செபம். புராட்டஸ்டன்ட் வீடுகளில் வில்லியம் ஹோல்மன் ஹண்ட் வரைந்த, விளக்கைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டும் இயேசுவும், ஹைன்ரிஷ் ஹோஃப்மன் வரைந்த கெத்சமனி இயேசுவும் பழக்கமாயின. இரண்டும் மூலத்தில் எண்ணெய் ஓவியங்கள். 1940இல் சிகாகோவைச் சேர்ந்த வார்னர் சால்மன் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ‘கிறிஸ்துவின் தலை’ இவை எல்லாவற்றையும் விஞ்சியது. உலகெங்கும் 50 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் பரவியதாக மதிப்பிடப்படுகிறது. தோள்வரை புரளும் பழுப்பு முடியும் வெளிர் நிறமும் கொண்ட அந்த முகம் நாட்காட்டிகளிலும் ஞாயிறு பள்ளிப் புத்தகங்களிலும் திரும்பத் திரும்ப வந்து, இயேசு என்றால் இப்படித்தான் இருப்பார் என்ற எண்ணத்தை ஊன்றியது. இந்திய ஓவியர்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது இத்தகைய அச்சுமுகங்களைத்தான்.

சேலை உடுத்த மரியாள்

தொடக்க கால எதிர்ப்புகளில் ஒன்று நீர்வண்ணத்தில் வந்தது. கோவாவின் சாந்து எஸ்தெவாம் தீவில் 1902இல் பிறந்த ஆஞ்சலோ டா ஃபொன்சேகா சாந்திநிகேதனுக்குச் சென்று அபனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் ஆகியோரிடம் பயின்றார். சொந்த ஊருக்கே போய் அங்குள்ள தேவாலயங்களுக்காக வரை என்று அபனீந்திரநாத் ஊக்கியதாகச் சொல்வர். ஃபொன்சேகா வரைந்த மரியாள் சேலை உடுத்த கொங்கணிப் பெண். போர்த்துக்கீசிய ஆட்சியில் இருந்த கோவா அதை ஏற்கவில்லை. கடுமையான எதிர்ப்பு எழ, அவர் புனேவுக்குச் சென்று கிறிஸ்த பிரேம சேவா சங்க ஆசிரமத்தில் தங்கி வரைந்தார். மும்பையில் வரலாற்று ஆய்வாளராக இருந்த ஹென்றி ஹேராஸ் அடிகளார் அவருக்கு ஆதரவாக நின்றார். 1967இல் ஃபொன்சேகா இறந்தார். அவருடைய படைப்புகளில் பெரும் தொகுதி இப்போது கோவாவின் போர்வோரிமில் உள்ள சேவியர் வரலாற்று ஆய்வு மையத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஒரு காலத்தில் விரட்டிய ஊர் இன்று அவரைத் தன் பெருமையாகக் காட்டுகிறது.

வட இந்தியாவில் ஆல்ஃபிரட் டி. தாமஸ் இயேசுவின் வாழ்க்கையைத் தொடர் படங்களாக வரைந்தார். அவை 1948இல் இங்கிலாந்தில் நூலாக வெளிவந்தன. ஆசம்கரில் 1923இல் பிறந்த ஃபிராங்க் வெஸ்லி, காந்தியின் அஸ்திக் கலசத்தை வடிவமைத்தவர் என்று அறியப்படுபவர். விவிலிய உவமைகளை இந்தியக் கிராமச் சூழலில் அவர் வரைந்தார்.

இலங்கையில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர் டேவிட் பெயின்டர் (1900–1975). ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தவர். லண்டன் ராயல் அகாதமியில் ஐரோப்பிய முறையை முறையாகக் கற்றவர். கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் கண்டி மன்னர் கால மண்டபங்களைப் போலக் கல்தூண்களோடு கட்டப்பட்டது. அதன் சுவர்களில் 1920களின் இறுதியிலிருந்து 1930களின் தொடக்கம் வரை அவர் நான்கு காட்சிகளைத் தீட்டினார். செபதேயுவின் மக்களுக்காகத் தாய் வேண்டுவது, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவுவது, நல்ல சமாரியர், சிலுவைப்பாடு என்பன அவை. மனிதர்கள் இலங்கையர். செடிகொடிகளும் இலங்கையுடையவை. சிலுவை நிற்பது சதுப்புநிலக் கண்டல் காட்டில். இயேசு தாடியில்லாத இளைஞர். கொழும்புக்குத் தெற்கே கல்கிசை புனித தோமையார் கல்லூரிச் சிற்றாலயத்தில் இயேசுவின் உருமாற்றக் காட்சியை 1968இல் வரைந்தார். அச்சுப் படங்களிலேயே இயேசுவைப் பார்த்து வளர்ந்த மாணவர்கள் தினமும் செபிக்கும் இடத்தில் தங்கள் நாட்டு மனிதர்களைக் கண்டது இந்தச் சுவர்களில்தான்.

எண்ணெயைக் கைவிட்ட ஜாமினி ராய்

வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் 1887இல் பிறந்த ஜாமினி ராய் கொல்கத்தா அரசுக் கலைப் பள்ளியில் ஐரோப்பிய முறை எண்ணெய் ஓவியம் கற்றவர். உருவப்படம் வரைந்து பிழைத்தவர். 1920களில் அந்த முறையை விட்டுவிட்டு கொல்கத்தாவின் காளிகாட் நாட்டுப்புறப் பட ஓவியர்களின் வழிக்குத் திரும்பினார். விளக்குக் கரி, சுண்ணப்பொடி, செம்மண், புளியங்கொட்டைப் பசை ஆகியவற்றிலிருந்தே வண்ணங்களைச் செய்துகொண்டார். தடித்த கோடு, மீன்வடிவக் கண், தட்டையான நிறப்பரப்பு ஆகியவை அவருடைய அடையாளமாகின.

பின்னர் அவர் இயேசுவை வரையத் தொடங்கினார். இறுதி இராவுணவு, சிலுவைப்பாடு, குழந்தையோடு எகிப்துக்குத் தப்பிச் செல்லும் குடும்பம் எனத் தொடர்ந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். தன் வாழ்க்கையோடு தொடர்பில்லாத பொருளைத் தன் கோடுகளால் சொல்ல முடிகிறதா என்று சோதிப்பதே அவர் நோக்கமாக இருந்தது. அவருடைய இயேசுவுக்குத் தனி ஒருவரின் முகம் இல்லை. கிருஷ்ணனுக்கும் சாந்தால் பழங்குடிப் பெண்ணுக்கும் வரைந்த அதே நீண்ட கண்களே இயேசுவுக்கும். விவிலியக் கதை இந்திய ஓவியரின் சொந்தத் தேர்வாக முடியும் என்பதை அவர் நிறுவினார். அவருக்குப் பின் வந்த தலைமுறை அந்தத் தேர்வை மீண்டும் எண்ணெய் வண்ணத்துக்கே கொண்டுசென்றது.

சூசா: சிலுவையின் கோரம்

பிரான்சிஸ் நியூட்டன் சூசா 1924இல் கோவாவின் சாலிகாவ் கிராமத்தில் பிறந்தார். பிறந்த சில மாதங்களில் தந்தை இறந்தார். தாய் மும்பையில் தையல் வேலை செய்து வளர்த்தார். அம்மை கண்டு பிழைத்தபோது, தாய் புனித பிரான்சிஸ் சேவியருக்கு நேர்ந்துகொண்டதன் நிறைவாகப் பிரான்சிஸ் என்ற பெயர் சேர்ந்தது. ஜே.ஜே. கலைப் பள்ளியிலிருந்து 1945இல் நீக்கப்பட்டார். 1947இல் எம்.எஃப். ஹுசைன், எஸ்.எச். ரஸா உள்ளிட்டோருடன் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கினார். 1949இல் லண்டன் சென்றார்.

கத்தோலிக்கத் திருச்சபை தன்னை ஆழமாகப் பாதித்தது கோட்பாட்டால் அல்ல, அதன் பிரம்மாண்டமான கட்டடங்களாலும் வழிபாட்டின் பகட்டாலும் என்று அவர் எழுதியிருக்கிறார். சிறுவயதில் கோவாத் தேவாலயங்களில் கண்ட, ஆணி அறைந்து குருதி வழியும் பாடுபட்ட சுரூபம் அவரை விடவில்லை. 1959இல் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய ‘சிலுவைப்பாடு’ இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ளது. கிட்டத்தட்ட ஆறடி உயரம். கறுத்த உடல். முட்கள் தலையில் மட்டும் இல்லை, உடலின் கோடுகளே முட்களாகிக் குத்திட்டு நிற்கின்றன. வெறித்த கண்கள் பார்ப்பவரைத் துளைக்கின்றன. பக்தியைத் தூண்டும் சாந்தம் எதுவும் அதில் இல்லை. ஜெர்மானிய ஓவியர் கிரூனவால்டின் இஸன்ஹைம் பீட ஓவியத்தில் புண்ணேறித் தொங்கும் இயேசுவோடு அதை ஒப்பிடுபவர்கள் உண்டு.

எண்ணெய் வண்ணத்தின் கனமும் பளபளப்பும் சூசாவுக்கு வேறு பயன் தந்தன. மென்மையான நிழல் இழைப்புக்காக ஐரோப்பியர் வளர்த்த ஊடகத்தை அவர் கருங்கோடுகளாக அழுத்திப் போட்டார், கீறினார், அடுக்கினார். போப்பாண்டவர்கள், புனிதர்கள், அம்பு தைத்த செபஸ்தியார் என்று அவர் வரைந்த சமய உருவங்களில் பக்தியும் பகையும் ஒன்றாகவே இருக்கின்றன. தேவாலயம் எதுவும் இவற்றைக் கேட்டு வாங்கவில்லை. லண்டன் கலைக்கூடங்களே வாங்கின. விவிலியக் காட்சி பீடத்தை விட்டுக் கலைச்சந்தைக்கு வந்துவிட்டதை இது தெளிவாக்கியது. கோவாவிலேயே பிறந்த வாமன் நவேல்கர் இந்துக் குடும்பத்தவர். லிஸ்பனில் கலை பயின்று, மொசாம்பிக்கில் வாழ்ந்து திரும்பிய அவரும் இயேசுவைத் தொடர்ந்து வரைந்தார்.

கிருஷன் கன்னா: நிஜாமுதீனின் சீடர்கள்

சூசாவின் இயேசு தனிமனித வேதனை என்றால், கிருஷன் கன்னாவின் இயேசு தெருவில் நடப்பவர். இன்றைய பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் 1925இல் பிறந்த கன்னா, லாகூரில் வளர்ந்து 1947 பிரிவினையில் குடும்பத்தோடு எல்லை தாண்டி வந்தவர். சிறுவனாக இருந்தபோது தந்தை கொண்டுவந்து கொடுத்த லியோனார்டோவின் ‘இறுதி இராவுணவு’ அச்சுப்படமே தன் ஓவிய ஆர்வத்தின் தொடக்கம் என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். கிரிண்ட்லேஸ் வங்கியில் அதிகாரியாகப் பணியாற்றினார். 1950களில் சென்னையில் பணியில் இருந்தபோது கர்நாடக இசைக் கலைஞர்களை வரைந்தார். 1961இல் வேலையை விட்டு முழுநேர ஓவியரானார்.

டெல்லியில் கன்னாவின் இயேசு வரிசை உருவானது. இறுதி இராவுணவு, கெத்சமனித் தோட்டம், யூதாசின் காட்டிக்கொடுப்பு, சிலுவையிலிருந்து இறக்குதல், உயிர்த்தெழுந்தவர் எம்மாவு ஊரில் அப்பம் பிட்டது எனப் பல காட்சிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். முகங்களுக்காக அவர் வெகுதூரம் போகவில்லை. நிஜாமுதீன் பகுதியில் நடமாடிய பக்கிரிகளும் லாரியில் மண் ஏற்றிச் செல்லும் கூலித்தொழிலாளர்களும் தாபாவில் பொழுதுபோக்கும் மனிதர்களும் சீடர்களாகவும் படைவீரர்களாகவும் ஆனார்கள். இயேசுவும் அவர்களில் ஒருவர். நீலக்கண் இல்லை, ஒளிவட்டமும் இல்லை. கம்பளியைப் போர்த்தி ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அவர் யாரென்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடிக்கும்.

கன்னாவும் கிறிஸ்தவர் அல்லர். அவர் கண்முன்னே நடந்தவை பிரிவினையும் அகதிகளின் ஓட்டமும். காந்தி கொல்லப்பட்ட செய்தியைத் தெருவிளக்கடியில் மக்கள் நாளிதழில் படிக்கும் காட்சியை அவர் 1948இல் வரைந்தார். நம்பியவரே காட்டிக்கொடுப்பதும் குற்றமற்றவர் பொதுவெளியில் கொல்லப்படுவதும் எஞ்சியவர்கள் உடலை இறக்கித் தூக்கிச் செல்வதும் அந்தத் தலைமுறைக்குப் பழங்கதை அல்ல. சொந்த நூற்றாண்டின் வன்முறையைப் பேச அவருக்கு விவிலியம் ஒரு மொழியாயிற்று. ஸோஃபனி பக்கத்து வீட்டுக்காரர்களை மேசையில் உட்கார்த்தி வைத்தது நகரின் மேட்டுக்குடியிலிருந்து. கன்னா உட்கார்த்தி வைத்தது நடைபாதையிலிருந்து.

சென்னைப் பட்டறைகள்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளி 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தென்னிந்திய நவீன ஓவியத்தின் மையமாக இருந்தது. கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) 1957 முதல் பத்தாண்டுகள் அதன் முதல்வராக இருந்தார். 1966இல் சோழமண்டல் கலைஞர் கிராமத்தைத் தோற்றுவித்தார். சொற்களும் குறிகளும் நிறைந்த வரிசைக்குப் போவதற்கு முன் அவர் மனித உருவங்களைத் தீட்டிய காலத்தில், மலைப்பொழிவில் சமாதானம் செய்வோரைப் பற்றி வரும் வாக்கைத் தலைப்பாக்கி 1951இல் ஓர் ஓவியம் வரைந்தார். அதன் நடுவில் இருப்பவர் காந்தி. இயேசுவின் சொல், காந்தியின் உருவம் என்ற இந்த இணைப்பு அன்றைய இந்தியாவில் பலருக்கும் இயல்பாகத் தோன்றியது. 1931இல் வத்திக்கான் சென்ற காந்தி சிஸ்டைன் ஆலயத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தின் முன் நெகிழ்ந்து நின்றதும் அறியப்பட்ட செய்தி.

அதே பள்ளியில் எஸ். தனபால் இயேசுவைச் சிற்பமாக வடித்தார். பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து வளைத்துக் கம்பிகளை ஒட்டவைத்து இயேசு உருவங்களைச் செய்தார். கோயில் கவசங்கள் செய்யும் உலோகத் தகட்டு வேலை அவற்றில் புது உருக்கொண்டது. எண்ணெய் வண்ணத்தில் இந்தப் பொருளைத் தொடர்ந்து கையாண்டவர் பின்னாளில் அந்தக் கலைப் பள்ளியின் முதல்வரான அல்போன்ஸோ தாஸ். மெல்லிய வண்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, உருவத்துக்குள்ளிருந்தே ஒளி கசிவது போல் காட்டுவது அவர் பாணி. இயேசுவையும் புத்தரையும் அதே ஒளியில் வரைந்தார்.

திருச்சபையின் புதிய வாசல்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) உள்ளூர்ப் பண்பாட்டுக்கு வழிபாட்டில் இடம் தந்தது. அதன் பின்விளைவாக 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் உருவானது. அதை நிறுவி நடத்தியவர் தமிழரான டி.எஸ். அமலோர்பவதாஸ் அடிகளார். மையத்தின் ஆலயம் இந்தியக் கோயிற்கலை வடிவங்களை எடுத்துக்கொண்டது. 1944இல் புனேயில் பிறந்து பெங்களூருக்கு அருகில் சில்வேபுராவில் குடியேறிய ஜோதி சாஹி இத்தகைய ஆலயங்களுக்கு வடிவமைப்பும் ஓவியமும் செய்தார். மரம், பாம்பு, நீர், தாமரை போன்ற நாட்டார் குறியீடுகளுக்குள் வைத்து விவிலியத்தைப் படித்தார். தலித் மக்களின் பறையும் பழங்குடியினரின் கோலங்களும் அவர் படங்களில் இடம்பெற்றன.

எனினும் பெரும்பாலான பங்குக் கோயில்களின் சுவர்களில் மாற்றம் மெதுவாகவே வந்தது. இந்தியமயமாக்கல் என்பது மேல்சாதி இந்துச் சின்னங்களை இரவல் வாங்குவதா என்று தலித் இறையியலாளர்கள் 1980களிலிருந்து கேட்டனர். மறுபுறம், தாத்தா காலத்துத் திரு இருதயப் படத்தின் முகம்தான் தங்கள் ஆண்டவர் என்ற பற்றுதலும் மக்களிடம் வலுவாக இருந்தது. இதனால் ஓவியர்களின் இயேசுவும் வழிபடுவோரின் இயேசுவும் தனித்தனியே வாழ்ந்தனர்.

இன்றைய நிலை

21ஆம் நூற்றாண்டில் பொருள் நீடிக்கிறது, ஊடகம் பலவாகப் பிரிந்துவிட்டது. குஜராத்தில் 1942இல் பிறந்த மாதவி பரேக் கண்ணாடி ஓவிய மரபைப் பின்பற்றி, ஒளிபுகும் அக்ரிலிக் தகட்டின் பின்புறத்திலிருந்து வரைந்த ‘இறுதி இராவுணவு’ 2011ஐச் சேர்ந்தது. இந்த முறையில் கண்மணி, விரல்கோடு போன்ற நுண்விவரங்களை முதலில் வரைந்துவிட்டு, பின்னணி நிறத்தைக் கடைசியில் பூச வேண்டும். எண்ணெய் ஓவியத்தின் வரிசைக்கு இது நேர்மாறு. கிராமத்து ரங்கோலியும் பொம்மைகளும் கலந்த அவர் உலகில் இயேசு ஒரு நாட்டார் கதைமாந்தர் போல் வருகிறார். திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியல் 2014 கொச்சி–முசிரிஸ் பினாலேயில் சாம்பிராணி, மூலிகை, நறுமணப் பொருள்களால் விவிலிய மாந்தரின் உருவங்களைச் செய்து வைத்தார். பார்ப்பவர் கண்ணுக்கு முன் மூக்குக்கே அவை எட்டின.

உருவகத்தின் கூர்மை இன்னும் மழுங்கவில்லை என்பதற்குக் கேரளத்தின் டாம் வட்டக்குழி வரைந்த ஓவியம் சான்று. இறுதி இராவுணவை நினைவூட்டும் மேசையில் அருட்சகோதரிகளும் நடுவில் நடனக் கலைஞர் மாதா ஹரியின் அரை நிர்வாண உருவமும் அமைந்த அந்தப் படம், ஒரு நாடகப் பிரதியோடு ‘பாஷாபோஷிணி’ என்ற மலையாள இதழில் 2016 டிசம்பரில் அச்சானபோது கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்த்தன. இதழ் அந்தப் பிரதிகளைத் திரும்பப் பெற்று வருத்தம் தெரிவித்தது. குடும்பங்கள் வாங்கும் இதழில் வந்தபோது அந்தப் படம் பொறுக்கப்படவில்லை.

எண்ணெய் வண்ணம் முற்றிலும் விடப்படவில்லை. விரைவில் காயும் அக்ரிலிக்கின் வசதி பலரை ஈர்த்தாலும், நிழலின் ஆழத்துக்காகவும் வண்ணத்தை நாள்கணக்கில் திருத்தும் வாய்ப்புக்காகவும் உருவ ஓவியர்கள் எண்ணெயை நாடுகின்றனர். கம்பெனி ஊழியர், கோவாவின் கொங்கணிப் பெண், கண்டி இளைஞர், நிஜாமுதீன் கூலியாள், காந்தி என விவிலிய மாந்தருக்கு முகம் தந்தவர்களின் பட்டியல் இரண்டரை நூற்றாண்டுகளில் நீண்டிருக்கிறது. பீடத்துக்காக வரைந்த முகங்களை ஊர் பெரும்பாலும் மாற்றவிடவில்லை. பீடத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் அந்தப் பட்டியலில் கூலியாளுக்கும் அகதிக்கும் பெண்ணுக்கும் நடு இடம் கிடைத்தது.